சீக்கு முற்றிய சேவல்: வைத்தியமா, ஊசியா, கத்தியா, பஞ்சாரமா?

வீட்டுச் சேவல் ஒன்று சீக்கு விழுந்து, கொண்டை கறுத்து, இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால் நம் பக்கத்தில் கிடைக்கிற யோசனைகள் நாலைந்துதான். மஞ்சளும் மிளகும் அரைத்து உருட்டிப் போடு என்பார் ஒருவர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ என்பார் இன்னொருவர். உயிர் இருக்கும்போதே அறுத்துக் குழம்பு வைத்துவிடு என்று சொல்ல ஒரு ஆள் கட்டாயம் வருவார். மிச்சப் பேர் எல்லாம் சொல்வது, "பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்து வையி, பொழச்சா பொழைக்கட்டும்." கோழியைக் கவிழ்த்து மூடி வைக்கிற கூடைதான் பஞ்சாரம். வலி இல்லாமல் முடித்துவிடலாமே என்ற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் வரிசையில் நின்று கோழி அறுபடுவதைப் பார்க்கிற நமக்கு, சாகக் கிடக்கிற கோழியைக் கொல்வது மட்டும் பாவமாகத் தெரிகிறது. இது எனக்கு எப்போதும் விளங்காத விஷயம்.

நாங்குநேரி, களக்காடு பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு நாலு கோழியாவது மேயும். அதனால் இந்த வழிகள் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. வைத்தியத்துக்கு உழைப்பு வேண்டும், கொல்வதற்கு மனசு வேண்டும், பஞ்சாரத்துக்கு இரண்டும் வேண்டாம், அதனால்தான் அது இவ்வளவு பிரபலம். பிழைக்கக்கூடிய சேவல் அங்கே பட்டினியால் சாகிறது, பிழைக்காத சேவல் அங்கே மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

மற்ற வழிகளில் எது சரி என்பது சேவலுக்கு என்ன வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என்ன சீக்கு என்று தெரியாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

நம் ஊரில் கோழிக்கு எது வந்தாலும் வெள்ளைக்கழிச்சல் என்று பெயர் வைத்துவிடுவோம். உண்மையான வெள்ளைக்கழிச்சல், ஆஸ்பத்திரியில் இராணிக்கெட் என்று சொல்வது, வைரஸ் நோய். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போகும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அப்புறம் கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலும் இறக்கையும் விழும். இதற்கு மருந்து கிடையாது, யார் எந்த ஊசி போட்டாலும் அது மேலே தொற்றுகிற வேறு கிருமிக்குத்தான். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நுழைந்தால் கூடு காலியாகிவிடும். மூச்சு வாங்குகிறது, தண்ணீர் இறங்கவில்லை, தலை தரையில் கிடக்கிறது என்கிற நிலைக்கு வந்த சேவல் திரும்பி வருவது அபூர்வம். ஆனால் முன்பு எப்போதோ தடுப்பூசி போட்டு அரைகுறை எதிர்ப்பு இருக்கிற சேவல் சில நேரம் முதல் கட்டத்தைத் தாண்டி, கழுத்து மட்டும் கோணிப்போய், மற்றபடி பசியோடு இருக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், முடிவு ஒன்றாக இருக்க முடியாது. கழுத்து கோணுவது வைட்டமின் பி1 குறைவாலும் வரும் என்பதால் பி காம்ப்ளக்ஸ் கொடுத்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

அம்மை வந்த சேவலைக் கொல்லப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கொண்டையிலும் கண் ஓரத்திலும் கருப்பாகக் கொப்புளம் வருகிற அம்மை பார்க்கத்தான் பயங்கரம், மூன்று நாலு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து சரியாகிவிடும். அங்கே ஆபத்து கண்தான். இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டால் தீனியும் தண்ணீரும் சேவலுக்குத் தெரியாது, சீக்கு தாங்கின உடம்பு பட்டினி தாங்காது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாகத் துடைத்துத் திறந்துவிட்டு, தீனியில் அலகைத் தொட்டுக் காட்டினால் போதும், அதே நிமிடம் கொத்த ஆரம்பிக்கும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் ஏடு படிகிற அம்மை வேறு, அது மூச்சை அடைக்கும், அந்த ஏட்டை விரலால் பிய்த்து எடுத்தால் ரத்தம் கொட்டும். அதற்கு ஆஸ்பத்திரிதான்.

முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கிற சளி ஒழுகினால் அது பெரும்பாலும் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் கேட்கும், கொல்ல வேண்டிய சீக்கு இல்லை. இளஞ்சேவல் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு விழுந்து கிடந்தால் அது பெரும்பாலும் மாரெக் என்கிற வைரஸ் நோய், வைத்தியம் இல்லை. நாயோ கீரியோ கடித்த காயம் பார்க்க எவ்வளவு கோரமாக இருந்தாலும் தோலும் சதையும் கோழிக்கு ஆச்சரியப்படுகிற மாதிரி ஆறும், புழு வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். கால் எலும்பு முறிவுக்குச் சிம்பு வைத்துக் கட்டலாம். முதுகெலும்பு போய், இரண்டு காலும் உணர்ச்சி இல்லாமல் இழுபட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

பறவைக்காய்ச்சல் மட்டும் இந்தக் கணக்கிலேயே வராது. ஒரே ராத்திரியில் பல கோழிகள், காக்கா கொக்கு எல்லாம் சேர்ந்து செத்தால் தொடவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம், கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதலில் வந்தபோதே அரசாங்கம் வந்துதான் கோழிகளை அழித்தது. அந்த இடத்தில் முடிவு நம் கையில் இல்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பது

செலவு குறைவு, உழைப்பு அதிகம். முதல் வேலை சேவலைத் தனியாக, மற்ற கோழிகளின் காற்று படாத இடத்துக்கு மாற்றுவது. மாட்டுத் தொழுவத்தின் ஓரம், மாடிப்படி அடி, எது கிடைக்கிறதோ அது. அடியில் சாக்கும் மேலே வைக்கோலும். கோழியின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41, 42 டிகிரி செல்சியஸ், சீக்கில் அது இறங்கும்போது கோழி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி கார்த்திகை மழையில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. சித்திரை வெயிலில் இதே பல்பு கொன்றுவிடும், அப்போது ஈரச்சாக்கும் நிழலும்தான்.

தண்ணீர் புகட்டுவதில்தான் நிறையப் பேர் சேவலைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள். அலகைப் பிளந்து சிரிஞ்சியால் பீய்ச்சுவார்கள். கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்கு நேர் பின்னால் சின்ன ஓட்டை ஒன்று திறந்து மூடும், அதுதான் மூச்சுக்குழல். அதில் தண்ணீர் போனால் நுரையீரலுக்குப் போகும். சேவலை ஒரு துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அலகின் ஓரத்தில், வெளிப்பக்கமாக ஒரு சொட்டு விட வேண்டும். அது நாக்கை அசைத்து உள்ளே இழுத்து விழுங்கும். விழுங்கினதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. விழுங்கவில்லை என்றால் அன்றைக்கு அதற்கு மேல் போகக் கூடாது. உப்பும் கருப்பட்டியும் கரைத்த தண்ணீர், அது தாங்கினால் நீர்த்த கம்பங்கூழ் அல்லது ராகிக்கூழ், கொஞ்சம் அவித்த மஞ்சள் கரு. உடம்பு சில்லென்று இருக்கும்போது கூழ் கொடுக்காதீர்கள், முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி.

சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுக்கிற கைவைத்தியத்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே மூலிகை வைத்தியமாகப் பரிந்துரைத்திருக்கிறது. நானும் கொடுப்பேன். ஆனால் அது ஆரம்பத்தில் கொடுக்க வேண்டியது, விழுந்து கிடக்கிற சேவலின் தொண்டையில் உருண்டையைத் திணிப்பதில் அர்த்தமில்லை.

வலிக்கு என்று வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. டைக்ளோஃபெனாக் பறவைகளுக்கு விஷம். மாட்டுக்குப் போட்ட அந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துத்தான் நாடு முழுக்க அந்த இனமே அருகிப்போனது, 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மாற்றாகச் சொன்ன மெலாக்சிகம்தான் கோழிக்கும் வலிக்குக் கொடுக்கிற மருந்து, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேவலைப் பிழைக்க வைக்க முடியாவிட்டாலும் முடிவு எடுக்கிற அந்த ஒன்றிரண்டு நாளுக்கு இந்த மருந்து வாங்கிப் போடுவது நல்லது என்று நினைக்கிறேன், யாரும் செய்வதில்லை.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி, கழுத்து முறுக்கின செவலைச் சேவல் ஒன்றை இப்படிப் பார்த்தாள். தலை பின்னால் திரும்பி வானத்தைப் பார்த்தபடி இருக்கும், தீனியைக் கொத்தப் போனால் குறி தப்பித் தரையில் குத்தும், இரண்டு சுற்றுச் சுற்றி விழுந்துவிடும். பார்க்கச் சகிக்காது. நான் போய், "ஆச்சி, இத இப்படி வச்சிருக்கது பாவம்லா, முடிச்சிருவமா" என்றேன். அவள் கையில் நனைத்த கம்பை வைத்துக்கொண்டு அதன் அலகுக்கு நேராக நீட்டினாள். அது விரலைத் தேடிப்பிடித்துக் கொத்தியது. "தீனிக்கு வாயத் தொறக்குல்லா மக்கா, அது வரைக்கும் நான் விடுததா இல்ல" என்றாள். பல வாரம் அப்படியே ஊட்டினாள். கழுத்து முக்கால்வாசி நேராகியது, கொஞ்சம் கோணல் நின்றுபோனது, பெட்டைகளை மிதிக்கும், கூவும், கூவல் மட்டும் பாதியில் உடையும். ஆச்சி வைத்தது சரியான அளவுகோல் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அவளுக்கு வேறு வேலை இல்லை, வீட்டோடு இருந்தாள், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மடியில் வைத்து ஊட்டினாள். வயல் வேலைக்கோ ஆபீசுக்கோ போகிற வீட்டில் இதைச் செய்கிறேன் என்று ஆரம்பிப்பது, நாலாவது நாள் பஞ்சாரத்தில்தான் முடியும்.

ஆஸ்பத்திரி

பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்தில் காசு கிடையாது, ஆனால் அங்கே காலையில் மாடும் ஆடும் வரிசையில் நிற்கும், ஒற்றைச் சேவலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போகிறவனைப் பார்த்து நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கூப்பிட்டும் கேட்கலாம். பெரிய இடம் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி. சிம்பு வைக்க, தொண்டை அம்மை பார்க்க, இரைப்பை அடைத்து கல் மாதிரி ஆனதைக் கீறி எடுக்க, இதற்கெல்லாம் அங்கே போவது வீண் போகாது. திசையன்விளையில் இருந்தோ ராதாபுரத்தில் இருந்தோ மே மாத வெயிலில் பஸ்ஸில் ஒரு கூடைக்குள் வைத்து, மூச்சு வாங்குகிற சேவலைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போவது வேறு கதை. வழியிலேயே போய்விடும், போகிற வழியெல்லாம் அதற்கு வேதனை. அப்படிப்பட்ட சேவலுக்கு ஆஸ்பத்திரிப் பயணத்தை நான் வைத்தியமாகவே சேர்ப்பதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகிறது என்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியது செத்த கோழியைத்தான். அப்போதுதான் செத்ததை, பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வைத்துக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்து என்ன சீக்கு என்று சொல்வார்கள். ஃபிரீசரில் உறைய வைத்தால் பிரயோஜனமில்லை. ஒன்றின் உடம்பு மிச்சம் பத்தைக் காப்பாற்றும்.

அறுத்துக் குழம்பு வைப்பது

சீக்கு வரும்போதே அறுத்துவிட்டால் வீண் போகாதே என்பது நம் பக்கத்து நியாயம். காலில் அடிபட்ட, மற்றபடி தெம்பாக இருக்கிற சேவலுக்கு இது நியாயமான வழிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ரோட்டில் பைக் ஏறி இடுப்பு உடைந்த பெருவிடைச் சேவலை (பெரிய ரக நாட்டுச்சேவல்) அன்றைக்கே அறுத்துச் சாப்பிட்டால் அதில் தப்பு ஒன்றும் இல்லை, இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடக்க விடுவதைவிட எவ்வளவோ மேல். காய்ச்சலும் கழிச்சலுமாக இருக்கிற சேவலை அறுப்பதுதான் கூடாது. சால்மொனெல்லா மாதிரிக் கிருமி அறுக்கிற பலகையிலும் கையிலும் ஒட்டும். இராணிக்கெட் வைரஸ் அறுக்கிறவர் கண்ணில் பட்டால் கண் சிவந்து நீர் வடியும். அதோடு ஊசியோ மாத்திரையோ கொடுத்த சேவல் என்றால் மருந்து சதையில் இருக்கும், மருத்துவர் சொல்கிற நாள் கழியாமல் சாப்பிடவே கூடாது. வைத்தியமும் பார்ப்பேன், பலிக்காவிட்டால் குழம்பும் வைப்பேன் என்று இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க முடியாது, முதல் மாத்திரை போட்ட உடனே ஒரு கதவு அடைத்தாகிவிட்டது.

இதன் தம்பி ஒன்று உண்டு, சீக்குக் கோழியைச் சந்தைக்குத் தள்ளிவிடுவது. தூங்கி வழிகிற சேவலைக் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டி வந்த விலைக்கு விற்றுவிடுவார்கள். வாங்கிப்போகிறவன் கூடும் அடுத்த வாரம் காலி. அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்றால் வீட்டில் பெரியவர்கள் கொடை வரைக்கும் எப்படியாவது உயிரோடு வைத்திரு என்பார்கள். எனக்குத் தெரிந்து எந்தச் சாமியாடியும் சீக்குக் கோழியைக் கொண்டு வா என்று கேட்டதில்லை. ஊனமில்லாததைத்தான் கொடுக்க வேண்டும் என்பது நேர்த்திக்கடனின் பொது வழக்கம். வேறொரு சேவலை நேர்ந்துகொண்டு, கோயில் பூசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. முருகன் கொடியில் இருக்கிற பறவை, அதை எப்படிக் கொல்வது என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். கொல்ல மனசில்லாதவர்கள் வலிக்கு மருந்தும், சூடும், தண்ணீரும் கொடுத்துக் கடைசி வரை கூட இருக்கட்டும். பஞ்சாரத்தில் போட்டுவிட்டுப் போவது அதோடு சேர்த்தி இல்லை.

கெடு வைப்பது

முடிவு எடுக்க முடியாமல் நாள் தள்ளுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அதனால் வைத்தியம் ஆரம்பிக்கிற அன்றைக்கே கெடு ஒன்று சொல்லிவிடுவது நல்லது. மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் இறங்காமல் கிடந்தால் அன்றைக்கே. தண்ணீர் இறங்குகிறது, மற்றபடி படுமோசம் என்றால் இரண்டு நாள். பசி இருக்கிற கழுத்துக்கோணலுக்கும் அம்மைக்கும் கெடுவே வேண்டாம், வாரக்கணக்கில் பார்க்கலாம்.

அந்த இரண்டு நாளில் பார்க்க வேண்டியதை மனசு சொல்கிறபடி விடாமல் கையால் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் கழுத்தடியில் இரைப்பையைத் தடவுங்கள். ராத்திரி ஊட்டின கூழ் செரித்து அது காலியாக இருந்தால் வயிறு வேலை செய்கிறது. அப்படியே பந்து மாதிரிக் கொழகொழவென்று இருந்து, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே எதுவும் நகரவில்லை, மேலே மேலே ஊட்டுவது அதைச் சித்திரவதை செய்வதுதான். மார்பெலும்பு கத்தி மாதிரித் துருத்துகிறதா என்று பாருங்கள். மளிகைக்கடைத் தராசிலாவது தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள், கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. தானியத்தைத் தரையில் சிதறிவிட்டு ஒரு பெட்டையைக் கொஞ்ச தூரத்தில் விடுங்கள். கெக்கெக்கென்று குரல் கொடுத்து அதைக் கூப்பிடுகிற சேவல் இன்னும் சேவலாகத்தான் இருக்கிறது. தலையைக்கூடத் திருப்பாமல் இருந்தால், எடையும் இறங்கிக்கொண்டே இருந்தால், கெடுவை நீட்டிக்காதீர்கள்.

முடிப்பது: எந்த வழி

ஏட்டுப்படி சிறந்தது ஊசி. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டியில் இறக்கை ரத்தக்குழாயில் மயக்க மருந்தை அளவுக்கு மிஞ்சிச் செலுத்துவதைத் தயக்கமில்லாமல் ஏற்கிறார்கள், கழுத்து முறிப்பதையும் தலையைத் துண்டிப்பதையும் நிபந்தனையோடு ஏற்கிறார்கள். முக்கிய நிபந்தனை என்பது செய்கிறவருக்குப் பழக்கம் இருக்க வேண்டும் என்பதுதான். மருத்துவர் சம்மதித்தால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முதலில் மயக்கம் கொடுப்பீர்களா? நினைவோடு இருக்கிற சேவலுக்கு நெஞ்சில் நேரடியாக ஊசி குத்துவதும், மயக்காமல் பொட்டாசியம், மெக்னீசியம் உப்பு ஏற்றுவதும் வலி, அதற்குக் கத்தியே மேல். ஊசி போட்டுச் செத்த உடம்பை நாயோ பருந்தோ தின்றால் அதுவும் விழும் என்பதால் ஆழமாகப் புதைக்க வேண்டும். நடைமுறையில் கிராமத்துக்குப் பக்கத்து மருந்தகத்தில் இதற்கான மருந்து அன்றைக்கு இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார முடியாது. இருந்தால், மருத்துவர் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தால், ஊசிதான்.

இல்லை என்றால் என் ஓட்டு பழகின கைக்கு. சிறுவிடைச் சேவல் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும், கழுத்தை நீட்டி ஒரே வேகத்தில் முறிப்பது தெரிந்தவருக்கு நொடி வேலை. பெருவிடையும் சண்டைக்கு வளர்க்கிற கட்டுச்சேவலும் நாலு கிலோவுக்கு மேலே போகும், கழுத்து கயிறு மாதிரி முறுக்கேறி இருக்கும். ஐரோப்பாவில் 3 கிலோவுக்கு மேற்பட்ட பறவைக்குக் கையால் கழுத்து முறிப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. அந்த மாதிரிச் சேவலில் முதல் தடவையாகப் பழகிப் பார்க்காதீர்கள், பாதி முறிந்து கிடப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அதற்குக் கூரான கத்தியும் கறிக்கடைக்காரர் கையும்தான். பத்தமடைக்காரர் ஒருவர், எங்கள் ஊரில் கடை வைத்திருக்கிறார், அவரிடம் ஒருமுறை இப்படிக் கேட்டபோது, "கடைக்குக் கொண்டு வராதிய அண்ணாச்சி, சீக்குக் கோழிய உள்ள ஏத்துனா யாவாரம் போயிரும். சாயந்தரம் நானே வாரேன்" என்றார். தனிக் கத்தி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். துண்டால் சேவலின் கண்ணை மூடி, இறக்கையோடு அணைத்து, அது அடங்குகிற வரை பேசாமல் நின்றார். அப்புறம் ஒரே இழுப்பு. காசு வாங்கவில்லை, வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிக் கத்தியையும் கையையும் கழுவிக்கொண்டு போனார்.

எந்த வழியானாலும் செத்த பிறகு உடம்பு ஒரு நிமிடத்துக்கு மேலேயே துடிக்கும், இறக்கை அடிக்கும். அது நரம்பின் வேலை, சேவலுக்குத் தெரியாது. இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அல்லது அவர்களை அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணைத் தொட்டால் இமை அசையாமல், மூச்சு நின்றுபோய் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் குழிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீரில் முக்குவது, சாக்கில் கட்டி மூச்சு முட்ட வைப்பது, பூச்சிமருந்து புகட்டுவது, சோடா உப்பும் வினிகரும் கலந்து வாளிக்குள் வாயு பிடிப்பது, இதெல்லாம் வீடியோக்களில் வருகிறது. ஒன்றும் வேண்டாம். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் விலங்கைத் தேவையில்லாத கொடுமையோடு கொல்வது குற்றம், கோழியும் அதில் அடக்கம்.

புதைப்பதற்கு மூன்று அடிக் குழி, மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் மண், நாய் தோண்டாமல் இருக்கக் கருவேலமுள். வாய்க்காலிலும் குளத்திலும் தூக்கிப் போடுகிற பழக்கத்தால்தான் ஒரு தெருச் சீக்கு அடுத்த ஊருக்குப் போகிறது. பஞ்சாரத்தைக் கழுவி வெயிலில் போடுங்கள், கூட்டின் தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடியுங்கள், புதுக் கோழி வாங்குவதை ஒரு மாதமாவது தள்ளிவையுங்கள். மிச்சம் இருக்கிறவற்றில் தெம்பாக இருப்பதற்கு மட்டும் தடுப்பூசி போட வேண்டும், ஏற்கெனவே தூங்கி வழிவதற்குப் போட்டுப் பயனில்லை. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்துகிற இருவாரக் கோழிக்கழிச்சல் முகாமில் இலவசம், அது வரை காத்திருக்க முடியாவிட்டால் மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு, வெயிலுக்கு முன்னால் கோழிகளைப் பிடித்துக்கொண்டு போய்விடுங்கள்.